கயிறு தொங்கினால் சம்மதம்

போன் இலவசம் என்று வாஜித் சொன்ன அன்று எங்கள் கட்டிடத்தில் எல்லாருக்கும் வாயெல்லாம் பல். எனக்கு மட்டும் சந்தேகம்.

ரங்கூன் போட்டாதாங்கில் படகுத்துறைக்குப் பின்னால் இருக்கும் சந்து எங்களுடையது. ஐந்து மாடிக் கட்டிடத்தில் நாங்கள் மூன்றாவது மாடி. கீழே தெருவோடு வாஜித்தின் பிளாஸ்டிக் சாமான் கடை. வாளி, குவளை, முக்காலி, சோப்பு டப்பா என்று வாசல்வரை தொங்கும். உள்ளே பூட்டுப் போட்ட மரப்பெட்டிக்குள் ஒரு சிவப்புப் போன். இரண்டாயிரத்து இரண்டில் ரங்கூனில் ஒரு போன் லைன் வாங்க வேண்டுமானால் வீட்டை விற்க வேண்டும். எங்கள் சந்து முழுக்கத் தேடினாலும் அது ஒன்றுதான் இருந்தது. அதை ஒருவன் சும்மா தருகிறேன் என்கிறான். ஏன் தருகிறான் என்று கேட்கக் கட்டிடத்தில் ஒரு வாய்கூட இல்லை.

எங்கள் ஊரில் மாடி வீடு என்றால் கயிறு உண்டு. பால்கனிக் கம்பியில் ஒரு மணியைக் கட்டியிருப்போம். அதிலிருந்து தெருவரைக்கும் ஒரு நைலான் கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப்பும் ஒரு பையும். ரொட்டிக்காரர் ரொட்டியைப் பையில் போட்டு ஓர் இழுப்பு இழுத்தால் மேலே மணி அடிக்கும், நான் தூக்கிக்கொள்வேன். அவித்த பட்டாணி விற்கும் பர்மாக்காரப் பெண்ணும் அப்படித்தான் அனுப்புவாள். பத்திரிகை, கரண்ட் பில், கல்யாண அழைப்பு எல்லாம் கயிற்றில்தான் ஏறும். மூன்று மாடி இறங்கி ஏற யாருக்கு முட்டி இருக்கிறது? ராத்திரி பகல் என்று இல்லாமல் கயிறு தொங்கிக்கொண்டே இருக்கும். மழைக்குக்கூட யாரும் எடுப்பதில்லை. ஒரு வீட்டுக் கயிறு மேலே போனால், அந்த வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

வாஜித் அந்தக் கயிற்றைத்தான் பிடித்துக்கொண்டான்.

"வெளிநாட்டுல இருக்கற உங்க ஆளுங்களுக்கு என் நம்பரக் குடுங்க ராத்தா. போன் வந்தா உங்க கயித்த மூணு தரம் இழுப்பேன். மூணு இழுப்புன்னா போன். எறங்கி வந்து பேசிட்டுப் போங்க. மொத மூணு மாசத்துக்கு ஒரு காசு வேணாம்."

"அதுக்கப்புறம்?" என்று நான் கேட்டேன்.

"அதுக்கப்புறம் பாத்துக்கலாம்" என்று சிரித்தான்.

பாத்துக்கலாம் என்று ஒருவன் சொன்னால், அவன் ஏற்கெனவே பார்த்துவைத்துவிட்டான் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் அமீர் அலி படகுத்துறைக் கிட்டங்கியில் மூட்டைக்கணக்கு எழுதுகிறவர். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற மனிதர்.

"மலக்கே வானத்துலேந்து எறங்கி வந்தாலும் நீ அடையாள அட்ட கேப்பே" என்றார்.

"கேப்பேன். மலக்குன்னா காட்டிட்டுப் போகட்டும்" என்றேன்.

ஆனாலும் நம்பரைக் கொடுத்தோம். கொடுக்காமல் என்ன செய்வது? எங்கள் ஒரே மகன் ஜுல்ஃபிகர் மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலையாக இருந்தான். அதுவரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தாகேதாவில் இருக்கும் என் சின்னம்மா மகள் நபீஸா வீட்டுக்குப் போன் செய்வான். நாங்கள் பஸ் பிடித்து, கால்வாய்ப் பாலம் தாண்டிப் போய், அவள் கூடத்தில் தவம் கிடப்போம். வாஜித் நம்பர் கிடைத்ததும் மகன் வாராவாரம் கூப்பிட ஆரம்பித்தான். கொஞ்ச நாளில் நபீஸாவும் போனை விற்றுவிட்டு மகளோடு மோல்மேனுக்குப் போய்விட்டாள். அதோடு எங்களுக்கும் ஜுல்ஃபிக்கும் நடுவில் வாஜித்தின் சிவப்புப் போனைத் தவிர வேறு ஒன்றும் இல்லை என்றாகிவிட்டது.

அந்த மாதங்கள் நன்றாகத்தான் இருந்தன. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று இழுப்பு கேட்டால் நெஞ்சு அப்படியே பூரித்துப்போகும். ஆனால் நான் பேசும்போதெல்லாம் வாஜித் பக்கத்திலேயே நின்று ஒரே குவளையைத் துடைத்துக்கொண்டிருப்பான். அந்தக் குவளையில் என்ன அழுக்கு இருந்ததோ தெரியவில்லை. இன்னொன்றும் எனக்கு உறுத்தியது. போன் வந்ததும் மணியை இழுக்க மாட்டான். முதலில் என் மகனோடு குரலைத் தாழ்த்தி ஏதோ பேசுவான், பிறகுதான் வெளியே வந்து கயிற்றைத் தொடுவான். ரிசீவரோடு வாசலில் நின்று அவன் பேசுவதைப் பால்கனியிலிருந்து நானே பார்த்தேன்.

"அவனுக்கும் நம்ம பிள்ளைக்கும் என்ன பேச்சு?" என்று இவரிடம் கேட்டேன்.

"சலாம் சொல்லியிருப்பான்."

"சலாம் சொல்ல அவ்வளவு நேரமா?"

"உனக்குப் பொழுது போகலன்னா அரிசியில கல்லு பொறுக்கு" என்று சொல்லிவிட்டு அவர் வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்தார்.

மூன்று மாதம் எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. வாஜித் வாயைத் திறக்கவில்லை. சரி, நம்மை மறந்துவிட்டான் என்று எல்லாரும் இருந்தார்கள். மறக்கிற முகமா அது?

அப்போதுதான் ஒரு நாள் ஜுல்ஃபி கூப்பிட்டான். குரலே சரியில்லை. அவன் வேலை பார்த்த கடையை மூடுகிறார்கள், பர்மிட்டும் முடிகிறது, ஏஜெண்டு வேறு எங்கோ அனுப்பப் போகிறான் என்றான்.

"எந்த ஊருன்னு எனக்கே தெரியலம்மா. இந்த நம்பருக்கு இனிமே கூப்பிடாதீங்க. போய்ச் சேந்ததும், வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள நானே கூப்பிட்டுப் புது நம்பர் தர்றேன். வெள்ளிக்கெழமைக்குள்ள கூப்பிடலன்னா..."

"கூப்பிடுவே" என்று நான் முடித்துவிட்டேன். மிச்சத்தை அவன் சொல்லிக் கேட்க எனக்குத் தெம்பில்லை. காகிதம் சரியில்லாத பிள்ளைகளைப் பிடித்து அடைக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அந்த ஒரு அழைப்பு தவறினால் அவன் எங்கே இருக்கிறான் என்று தேட எங்களிடம் ஒரு ஊர்ப் பெயர்கூட இல்லை.

அடுத்த திங்கட்கிழமை காலையில் மணி மூன்று தரம் அடித்தது. மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அப்படியே போட்டுவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு, செருப்புக்கூட இல்லாமல் மூன்று மாடியும் இறங்கினேன். வாயில் பிஸ்மியும் பிள்ளை பெயரும் மாறி மாறி வந்தன. கடைக்குள் போனால் போன் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி பூட்டியிருந்தது.

"எங்க போன்?"

"போன் வரல ராத்தா. உக்காருங்க. மாசக் கட்டணம் விஷயமாத்தான் கூப்பிட்டேன்."

மகன் கூப்பிடுகிறான் என்று ஓடி வந்தவளுக்கு இவன் ஒரு முக்காலியை நகர்த்திப் போடுகிறான். என் கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. அதை அவன் முகத்தில் துடைக்கலாம் போல இருந்தது.

"என்ன கட்டணம்?"

"மூணு மாசம் இலவசம் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சுல்ல. ரெண்டுக்கும் சேத்துத் தந்துடுங்க" என்று ஒரு தொகையைச் சொன்னான். அதை வைத்து எங்கள் வீட்டில் ஒரு மாதம் அடுப்பெரியும்.

"முடிஞ்ச அன்னைக்கே ஏன் சொல்லல?"

"மொத நாளே சொல்லிட்டேனே. வேணாங்கறவங்க மூணு மாசம் முடியறப்ப கயித்த மேல தூக்கிடுங்க, தொங்கிச்சுன்னா சம்மதம்னு எடுத்துக்குவேன்னு அமீர் அலி காக்காகிட்ட சொன்னேன். அவங்களும் தலையாட்டினாங்க."

"கயிறு ரொட்டிக்குத் தொங்குது தம்பி."

"எனக்கு எப்படித் தெரியும் ராத்தா? ரொட்டிக்குத் தொங்குதா போனுக்குத் தொங்குதான்னு கயித்தப் பாத்துக் கண்டுபிடிக்க முடியுமா?"

அவன் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டைக்கு வருகிறவனோடு சண்டை போடலாம். சிரிக்கிறவனை என்ன செய்வது? இந்த ஊரில் எவனும் கயிற்றைத் தூக்க மாட்டான் என்று தெரிந்துதானே அப்படி ஒரு நிபந்தனை வைத்திருக்கிறான்.

"கட்டலன்னா?"

"நான் என்ன போலீசுக்கா போகப்போறேன்? மணிய இழுக்க மாட்டேன், அவ்வளவுதான்."

மேலே வந்த வேகத்தில் கயிற்றைத் தூக்கிச் சுருட்டி மணியின் மேலேயே போட்டேன். சாயங்காலம் இவர் வந்ததும் கேட்டேன். வாஜித் ஏதோ கயிறு என்று சொன்னானாம், இவர் தொழுகைக்குப் போகிற அவசரத்தில் சரி சரி என்றாராம்.

"என்ன சொன்னான்னு கேக்காமலேயா தலையாட்டினீங்க?"

"இலவசம்னுதானே சொன்னான்" என்றார். பிறகு முகம் வாடி, "ஜுல்ஃபி கூப்பிடுவானே, ஹமீதா" என்றார். சனிக்கிழமை முதலாளியிடம் முன்பணம் கேட்டு வாங்கித் தருவதாகச் சொன்னார். பிள்ளையின் கெடு வெள்ளிக்கிழமை. இவர் பணம் சனிக்கிழமை. அதை அவருக்கு விளக்க எனக்கு மனசில்லை.

செவ்வாய்க்கிழமை முழுக்கப் பால்கனியை விட்டு நான் அசையவில்லை. கீழே போன் அடித்தால் மூன்றாவது மாடிக்கு நன்றாகக் கேட்கும். அடித்தது. வாஜித் எடுத்து, ரிசீவரோடு வாசல்வரை வந்து இரண்டு வார்த்தை பேசினான், அண்ணாந்து என் பால்கனியைப் பார்த்தான், வைத்துவிட்டான். நான் இறங்கிப் போனேன்.

"யாரு தம்பி?"

"தப்பு நம்பர் ராத்தா."

மதியம் மறுபடியும் அடித்தது. மறுபடியும் தப்பு நம்பர். தப்பு நம்பர்காரனுக்கு என் பால்கனியை எதற்கு அண்ணாந்து பார்க்க வேண்டும்? கடையிலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்றான். எதிர் டீக்கடையில் ஆண்களுக்கு நடுவே ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்து டீயை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் உடனே கடைக் கதவைப் பாதி இழுத்து மூடினான். கண்ணால் பார்க்காததை எப்படி நிரூபிப்பது? என் பிள்ளை அந்தப் பக்கம் உம்மா, உம்மா என்று நிற்கிறான், இவன் இந்தப் பக்கம் வைத்துவிடுகிறான் என்று நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது மாடி அம்சவேணிக்கும் இதே கதைதான். அவள் புருஷன் மோகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தான். அவளிடமும் இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கேட்டிருக்கிறான்.

"நீங்க தூக்கிட்டீங்களா அக்கா? அப்ப நானும் தூக்கறேன்" என்றாள். "ஆனா நம்ம ரெண்டு கயிறு மட்டும் மேல போனா நாம கஞ்சப் பிசினாறிங்கன்னு ஊரு பேசும். எல்லாக் கயிறும் போச்சுன்னா அவனப் பேசும்."

அவள் வாய் சும்மா இருக்காது. மாடி மாடியாக ஏறி இறங்கி, தமிழில் பாதி பர்மியில் பாதி பேசியே எல்லாரையும் மடக்கிவிட்டாள். புதன்கிழமை பொழுது சாய்வதற்குள் எங்கள் கட்டிடத்தின் முகப்பில் ஒரு கயிறுகூட இல்லை. மொட்டையடித்த மாதிரி நின்றது. வியாழக்கிழமை ரொட்டிக்காரர் கீழே நின்று எதை இழுப்பது என்று தெரியாமல் பேந்தப் பேந்த விழித்தார். பட்டாணிக்காரி தொண்டை கிழியக் கத்தினாள். ஐந்தாவது மாடிக் கிழவர் பத்திரிகை எடுக்க இறங்கி வந்து, ஏற முடியாமல் எங்கள் வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். வாஜித் மட்டும் கடை வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். "எத்தன நாளைக்குன்னு பாப்போம்" என்று அம்சவேணியிடம் சொன்னானாம்.

வெள்ளிக்கிழமை காலையில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. வார்டு ஆபீஸ் தலைவர், ஊ தான் மௌங் என்ற பர்மாக்காரர், நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் படியில் வாஜித். கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வாஜித் முகத்தில் ரத்தமே இல்லை.

"டோ டின் டின்" என்றார். ஆபீஸ் காகிதங்களில் எனக்கு அந்தப் பர்மியப் பெயர்தான். பிறகு பர்மியில் நிதானமாகக் கேட்டார். "இந்தக் கட்டிடத்தில் எல்லாக் கயிறும் ஒரே நாளில் மேலே போயிருக்கிறது. யார் தூக்கச் சொன்னது?"

கயிறு எங்களுக்கு ரொட்டி விவகாரம். ஆனால் இந்த ஊரில் பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே காரியத்தைச் செய்தால் ஆபீசில் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள். எண்பத்தெட்டில் தெருவில் திரண்டவர்களைச் சுட்டதைப் பார்த்தவர்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"யாரும் சொல்லவில்லை, சயா" என்று மரியாதையாகச் சொன்னேன்.

"முதலில் தூக்கியது நீங்கள் என்று சொல்கிறார்கள். என்ன அடையாளம் அது? யாருக்கு?"

உண்மை என் நாக்கு நுனியில் நின்றது. சொந்த உபயோகத்துக்கு என்று வாங்கிய போனை வைத்து இவன் வீடு வீடாக வசூல் பண்ணுகிறான் சயா என்று ஒரு வாக்கியம். சொன்னால் மத்தியானத்துக்குள் லைனை அறுத்துவிட்டுப் போய்விடுவார்கள். வாஜித் தொலைந்தான். எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லி முடியாது. ஆனால் அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அந்த லைனை அறுத்தால் என் பிள்ளை எந்த லைனில் வருவான்? வாஜித் படியில் நின்று என்னையே பார்த்தான். அவனுக்கும் அது தெரிந்திருந்தது.

"எலி, சயா" என்றேன்.

"எலியா?"

"சாக்கடையிலிருந்து கயிறு வழியாக ஏறி வந்துவிடுகிறது. ரொட்டிப் பையையே கடித்துவிட்டது. ஒரு வீட்டுக்குள் வந்தால் எல்லா வீட்டுக்கும் வரும் இல்லையா, அதனால்தான் எல்லாரும் தூக்கிவிட்டார்கள்."

ஊ தான் மௌங் நம்பவில்லை. என்னைப் பார்த்தார், சுருட்டிக் கிடந்த கயிற்றைப் பார்த்தார், பிறகு வாஜித் பக்கம் திரும்பினார். "எலி எங்கிருந்து வருகிறது?"

"இவர் கடையிலிருந்துதான்" என்று நானே சொன்னேன். "கேட்டுப் பாருங்கள்."

வாஜித் தலையாட்டினான். "ஆமாம் சயா. என் கடையில் எலி இருக்கிறது."

அவர் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். வாஜித் மருந்து வைக்க வேண்டும், கயிறெல்லாம் சாயங்காலத்துக்குள் இறங்க வேண்டும், மொட்டையாக இருந்தால் தெரு பார்க்க நன்றாக இல்லை, திரும்ப வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் செருப்புச் சத்தம் தெருவுக்குப் போகும்வரை நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

வாஜித் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். பழைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

"நல்லவேளை ராத்தா. நீங்க பெரிய மனசு." ஒரு படி இறங்கி, திரும்பி நின்றான். "கயித்த எறக்கச் சொல்லிட்டாரு. எறக்கினா பழையபடி சம்மதம்தானே?"

இப்போதுதான் இவனைக் காப்பாற்றினேன். பொய் சொன்ன வாய்கூட இன்னும் காயவில்லை. என்ன பதில் சொல்வது என்று வாயைத் திறக்கும்போதே கீழே போன் அடித்தது.

அவன் ஓடினான். நானும் ஓடினேன். அவனுக்குச் செருப்பு இருந்தது, எனக்கு இல்லை, அதனால் என் சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை. நான் கடை வாசலுக்கு வரும்போது அவன் பெட்டியைத் திறந்து, முதுகைத் தெருவுக்குக் காட்டி, குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தான்.

"ஜுல்ஃபியா... இல்லப்பா, இன்னைக்கும் வீட்ல இல்ல... அது இருக்கட்டும், புது ஊருக்குப் போறதுக்கு முன்னாடி இந்த மாசத்தக் கட்டிட்டியா? மச்சான் வந்து வாங்கிட்டானா?"

போனை அவன் கையிலிருந்து பிடுங்கினேன்.

"ஜுல்ஃபி."

"உம்மா." அவ்வளவுதான். அந்தப் பக்கம் பிள்ளை அழுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. "எங்கம்மா போயிட்டீங்க? செவ்வாக்கெழமையிலேந்து கூப்பிடறேன். வீட்ல யாரும் இல்லங்கறாரு."

"எங்கயும் போகல. இங்கதான் இருக்கேன். மொதல்ல நம்பரச் சொல்லு."

கடை மேசையில் கிடந்த பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் எழுதினேன். எண்ணைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். இன்னொரு தரமும் சொல்லச் சொன்னேன். ஜொகூரில் ஒரு ரொட்டிக் கடை, காகிதமெல்லாம் சரியாகிவிட்டது, தங்க இடம் இருக்கிறது என்றான். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்டேன்.

"வாஜித்தோட மச்சானுக்கு நீ என்ன கட்டறே?"

"அது எதுக்கும்மா இப்ப?"

"ஜுல்ஃபி, கேக்கறேன்ல."

"போனுக்கும்மா. அவரு மச்சான் இங்க கோலாலம்பூர்லதான் இருக்காரு. சம்பளத்தன்னிக்கு வந்து எங்க எல்லார்கிட்டயும் வாங்கிட்டுப் போவாரு. நம்ம கட்டிடத்துப் பசங்க எல்லாரும் கட்டறோம். மோகன் மாமாகூட சிங்கப்பூர்லேந்து அனுப்பறாரு."

"எப்பலேந்து?"

"மொத மாசத்துலேந்து. அவரு உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே மச்சான் எங்ககிட்ட பேசிட்டாரு. உங்ககிட்ட இலவசம்னு சொல்லச் சொன்னது நான்தாம்மா. காசுன்னு தெரிஞ்சா நீங்க போனே வேணாம்னுடுவீங்க. வாராவாரம் உங்க குரல் கேக்கணும்னு இருந்துச்சு. ராத்திரிச் சாப்பாடு கடையிலயே போட்டுடறாங்க, எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

ராத்திரிச் சாப்பாடு அந்தக் கடையில் போடுவதில்லை என்று அவனே போன வருஷம் என்னிடம் சொல்லியிருக்கிறான். நான் சும்மா கிடைக்கிறது என்று ஓடி ஓடி இறங்கி வந்து பேசிய ஒவ்வொரு பேச்சும் என் பிள்ளை பட்டினி கிடந்து வாங்கித் தந்தது. வாஜித் முன்னால் அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"இனிமே ஒரு காசு கட்டாதே. மத்தப் பசங்ககிட்டயும் சொல்லு. ராத்திரி வயிறார சாப்பிடு" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

திரும்பினால் வாஜித் ஒரு குவளையைத் துடைத்துக்கொண்டிருந்தான். வாசலில் அம்சவேணி நின்றிருந்தாள். நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அவளும் பின்னாலேயே வந்திருக்கிறாள்.

"மோகனும் கட்டறாராம் அம்சவேணி. மொத மாசத்துலேந்து" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாஜித்தை ஒரு பார்வை பார்த்தாள். அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ராத்தா, அது வேற கணக்கு" என்று ஆரம்பித்தான் வாஜித். "அது அந்தப் பக்கத்துக் கட்டணம். இது இந்தப் பக்கத்து..."

"போதும், நிறுத்து" என்றேன். அதுவரை அவனை நீங்க என்றுதான் பேசியிருந்தேன். "மூணு மாசம் இலவசம்னு சொன்னேல்ல? அந்த மூணு மாசத்துக்கும் என் மகன் காசு கட்டியிருக்கான். அதுக்கப்புறமும் கட்டியிருக்கான். அப்போ உன்னோட இலவசம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

குவளை அவன் கையில் அப்படியே நின்றது.

"இன்னைக்குத்தான் ஆரம்பிக்குது. எனக்கும் ஆரம்பிக்குது, இந்தக் கட்டிடத்துல இருக்கற எல்லாருக்கும் ஆரம்பிக்குது. போன் வந்தா வாயத் தொறக்காம மணிய இழு. என் பிள்ள நம்பர் இப்ப என் கையில இருக்கு. எலி மருந்து வெச்சாச்சான்னு பாக்க ஊ தான் மௌங் வருவாரு. வர்றப்ப அவருகிட்ட என்ன சொல்றதுன்னு அப்ப யோசிச்சுக்கறேன்."

வாஜித் தெருவைப் பார்த்தான், போனைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான்.

"மூணு மாசம்தானே ராத்தா? அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

மூன்று மாடியும் ஏறினேன். முட்டி வலித்தது. உள்ளங்கை வேர்த்து எண் கலைந்துவிடக் கூடாதே என்று இடது கையை விரித்துப் பிடித்துக்கொண்டே ஏறினேன். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, கதவுக்குப் பின்னால் சுவரில் பெரிதாக எழுதிவைத்தேன். உள்ளங்கையோடும் ஒரு தரம் ஒத்துப் பார்த்தேன். பிறகு பால்கனிக்குப் போய்க் கயிற்றைப் பிரித்து, கீழே அண்ணாந்து நின்ற ரொட்டிக்காரரின் கைக்கு இறக்கினேன்.